ஐசால் வென்றது, கதவு திறக்கவில்லை

2025 ஆகஸ்ட் முதலாம் திகதி இந்தியத் தேசிய உதைபந்தாட்ட அணியின் பயிற்றுநராகக் காலித் ஜமீல் நியமிக்கப்பட்டார். வெளிநாட்டுப் பயிற்றுநர்களின் பெயர்களும் அடிபட்டுக்கொண்டிருந்த வேளையில் உள்நாட்டவர் ஒருவர் தெரிவு செய்யப்பட்டமை பலருக்கும் மகிழ்ச்சி அளித்தது. அவரை அறிமுகப்படுத்திய செய்திகள் பெரும்பாலும் ஒரே தகவலைத்தான் முன்னிறுத்தின: 2017 இல் ஐசால் உதைபந்தாட்டக் கழகத்தை இந்தியாவின் ஐ-லீக் சம்பியனாக்கியவர் அவர். உண்மைதான். ஆனால், அது அந்தக் கதையின் முதற்பாதி மட்டுமே. பட்டம் வென்ற கழகத்துக்கு அதன் பின்னர் என்ன நடந்தது என்பதை எழுதுவதற்கு எவருக்கும் பொறுமை இருக்கவில்லை.

பத்திரிகைத் தொழிலில் நான் விளையாட்டுப் பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்தவன் அல்லன். அரசியல் எழுதியே காலம் கழிந்தது. ஆயினும், ஐசாலின் கதையை விளையாட்டுச் செய்தியாக மட்டும் என்னால் வாசிக்க முடியவில்லை. விதிகளை எழுதுபவர்களும் விதிகளுக்கு அமைய ஆடுபவர்களும் வெவ்வேறு ஆட்களாக இருக்கும்போது என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான ஓர் உதாரணத்தைக் கண்டுபிடிப்பது கடினம்.

மிசோரம் இந்தியாவின் வடகிழக்குக் கோடியில், மியன்மாருக்கும் பங்களாதேஷுக்கும் இடையே கிடக்கின்ற மலை மாநிலம். 2011 குடிசன மதிப்பீட்டின்படி அதன் மொத்தச் சனத்தொகை ஏறத்தாழ பதினொரு இலட்சம். கல்கத்தாவின் சனத்தொகையில் நான்கிலொரு பங்குகூட இல்லை. தலைநகர் ஐசால் மலைமுகடுகளின் மீது தொங்கிக்கொண்டிருப்பது போன்ற நகரம். உதைபந்தாட்ட மைதானம் ஒன்றுக்குத் தேவையான சமதரையைத் தேடிப்பிடிப்பதே அங்கு பெரும்பாடு. 1966 மார்ச்சில் மிசோ கிளர்ச்சியின்போது அந்த நகரின் மீது இந்திய விமானப்படை குண்டு வீசியது. தனது சொந்த நாட்டின் விமானங்களே குண்டு பொழிந்த ஒரு நகரத்தின் நினைவு எத்தகையது என்பதை எமது வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இருபது வருடங்கள் நீடித்த அந்தக் கிளர்ச்சி 1986 சமாதான உடன்படிக்கையுடன் முடிவுக்கு வந்தது. அடுத்த வருடம் மிசோரம் தனி மாநிலமானது. ஐசால் கழகம் தோற்றுவிக்கப்பட்டது 1984 இல், அதாவது சமாதானம் வருவதற்கு இரு வருடங்கள் முன்னதாக.

அங்கு உதைபந்தாட்டம் பொழுதுபோக்கு அல்ல. 2012 இல் மாநிலச் சங்கம் மிசோரம் பிரிமியர் லீக்கை ஆரம்பித்தது. உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சி நிறுவனமொன்று அதற்கு அனுசரணை வழங்கி ஆட்டங்களை வீடுகளுக்குக் கொண்டுசென்றது. இரண்டே வருடங்களில், 2014 இல், மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் கிண்ணத்தை மிசோரம் முதற்தடவையாக வென்றது. இறுதிப்போட்டியில் ரயில்வே அணியை 3-0 என்ற கோல் கணக்கில் தோற்கடித்தது. சென்னை ரசிகர்கள் தங்கள் ஆளாகவே கொண்டாடிய ஜேஜே லால்பெக்லுவா இந்த மண்ணின் பிள்ளையே. சென்னையின் எஃப்.சி. அணி 2015 இலும் 2018 இலும் இந்தியன் சூப்பர் லீக் பட்டத்தை வென்றபோது முன்களத்தில் இருந்தவர் அவர். (2023 தேர்தலில் அவர் மிசோரம் சட்டசபைக்குத் தெரிவானார் என்பது வேறு விடயம்.)

இவர்களுக்கு எதிரே நின்றவர்கள் யார்? 1889 இல் தோன்றிய மோகன் பகான், 1920 இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் என்ற கல்கத்தாவின் இரு பெரும் கழகங்கள். இலட்சக்கணக்கான ரசிகர்கள், பெரும் நிறுவனங்களின் அனுசரணை, நாட்டின் எந்த மூலையிலிருந்தும் நல்ல வீரரை விலை கொடுத்து அழைத்துவரும் வல்லமை எல்லாம் அவற்றுக்கு இருந்தன. 1911 இல் ஏறக்குறைய அணி முழுவதுமே வெறுங்காலுடன் ஆடி, சப்பாத்து அணிந்த கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவைத் தோற்கடித்துச் சரித்திரம் படைத்த கழகம்தான் மோகன் பகான். நூறு வருடங்களில் பாத்திரங்கள் மாறிவிட்டன. இப்போது சப்பாத்து அணிந்த தரப்பு அதுவே. மூன்றாவது, ஜே.எஸ்.டபிள்யூ. உருக்கு நிறுவனத்தின் பணத்தில் 2013 இல் உருவாக்கப்பட்ட பெங்களூரு கழகம். களமிறங்கிய முதல் மூன்று பருவங்களில் இரண்டு பட்டங்களை அது வென்றுவிட்டது. ஐசாலின் வருடாந்தச் செலவு ஏறத்தாழ இரண்டு கோடி இந்திய ரூபாய் என்று அக்காலத்துப் பத்திரிகைகள் எழுதின. மற்றவர்களிடம் அதைப் போலப் பல மடங்கு இருந்தது.

ஐசால் 2015 இல் இரண்டாம் பிரிவை வென்று ஐ-லீக்குக்குள் நுழைந்தது. முதற்பருவத்தில் ஒன்பது அணிகளில் எட்டாவது இடம். ஒன்பதாவதாக, கடைசி இடத்துக்கு வந்தது புனேயைச் சேர்ந்த டி.எஸ்.கே. சிவாஜியன்ஸ். எந்த நாட்டு லீக்கிலும் கடைசியாக வந்தவரே கீழே இறங்குவார். ஆனால், சிவாஜியன்ஸ் கட்டுமான நிறுவனமொன்றின் கழகம்; ஆட்டத்தால் அல்லாமல் நிறுவனங்களுக்குரிய நேரடி அனுமதியின் மூலம் உள்ளே வந்த கழகம். அத்தகையவர்களுக்குத் தரமிறக்கத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. ஆகவே, கடைசியாக வந்தவர் இருக்க, அவருக்கு மேலே வந்தவர் கீழே இறக்கப்பட்டார். அதே வருடத்தில் ஐசால் பெடரேஷன் கிண்ண இறுதிப்போட்டி வரை சென்று மோகன் பகானிடம் 5-0 என்று தோற்றது. அது கௌரவமான முடிவென்று சொல்ல முடியாது. ஆனாலும், நாட்டின் இறுதிப்போட்டியாளர் ஒருவரை இரண்டாம் பிரிவுக்கு அனுப்பிவிட்டு, லீக்கின் கடைசி அணியை மேலே வைத்திருந்த விசித்திரத்தை அந்தத் தோல்வி மறைத்துவிடவில்லை.

பிறகு எதிர்பாராத ஒன்று நடந்தது. இந்தியன் சூப்பர் லீக்கை நாட்டின் முதற்பிரிவாக்கி ஐ-லீக்கைக் கீழே தள்ளும் திட்டம் அவ்வருடம் வெளியாயிற்று. அதை எதிர்த்துக் கோவாவின் சல்கோகர், ஸ்போர்ட்டிங், டெம்போ ஆகிய கழகங்கள் விலகிக்கொண்டன. ஐந்து தடவைகள் தேசியப் பட்டம் வென்ற டெம்போ போன்ற ஒரு கழகம் வெளியேறுவது இலேசான விடயமல்ல. காலியான இடங்களை நிரப்புவதற்காக ஐசால் திருப்பி அழைக்கப்பட்டது. அதாவது, எந்தத் திட்டத்தை எதிர்த்துக் கோவாக்காரர் வெளியேறினார்களோ அந்தத் திட்டத்தின் புண்ணியத்திலேயே ஐசால் மீண்டும் உள்ளே வந்தது. அதே திட்டம்தான் பின்னர் அதன் வெற்றியையும் விழுங்கியது.

காலித் ஜமீல் அப்போது வேலையிழந்திருந்தார். ஏழு வருடங்கள் மும்பை கழகத்தைப் பயிற்றுவித்தவரை அக்கழகம் 2016 இல் அனுப்பிவிட்டது. அவர் ஐசாலுக்குச் சென்றபோது தன்னுடன் மும்பையில் இருந்த அசுதோஷ் மேத்தா, ஜெயேஷ் ராணே போன்றவர்களையும் அழைத்துச் சென்றார். சிரியாவைச் சேர்ந்த மஹ்மூத் அல் அம்னா நடுக்களத்தைத் தாங்கினார். லைபீரியரான அல்பிரட் ஜர்யான் அவருக்குத் துணை நின்றார். மற்றவர்களில் பெரும்பாலானோர் மிசோ இளைஞர்கள். பெரிய பெயர்கள் இல்லை. அழகான ஆட்டம் என்றும் சொல்வதற்கில்லை. ஜமீலின் அணிகள் எப்போதுமே முதலில் தற்காப்பைக் கட்டி, கிடைத்த சந்தர்ப்பத்தில் அடிப்பவை. அதை இழித்துரைப்பவர்களிடம் ஒன்று கேட்கலாம்: பத்து மடங்கு விலை கொடுத்து வாங்கிய முன்கள வீரர்களை எதிர்கொள்ளும் ஒருவர் வேறு எப்படித்தான் ஆடவேண்டும்?

பதினெட்டு ஆட்டங்களில் பதினொரு வெற்றி, நான்கு சமநிலை, மூன்று தோல்வி. 2017 ஏப்ரில் 22 ஆம் திகதி ஐசாலில் மோகன் பகானுக்கு எதிராக நடைபெற்ற ஆட்டம்தான் பட்டத்தைத் தீர்மானித்தது. கோல் எதுவுமின்றி நீண்டுகொண்டிருந்த ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் பின்கள வீரர் சோமிங்லியானா ரால்ட்டே பந்தைத் தலையால் முட்டி வலைக்குள் செலுத்தினார். எட்டு நாட்கள் கழித்து ஷில்லோங்கில் இறுதி ஆட்டம். ஐசாலுக்கு ஒரேயொரு புள்ளி போதும். மலைப்பாதைகளால் பெருந்தொகையான ரசிகர்கள் வாகனங்களில் வந்து சேர்ந்திருந்தனர். ஒன்பதாவது நிமிடத்திலேயே ஷில்லோங் லஜோங் அணி கோல் போட்டுவிட்டது. கல்கத்தாவில் மோகன் பகான் சென்னை சிற்றி அணியை 2-1 என்று வென்றுகொண்டிருந்தது. இரண்டாம் பாதியில் வில்லியம் லால்னுன்பெலா போட்ட கோல் ஆட்டத்தைச் சமப்படுத்தியது. 37 புள்ளிகள் ஐசாலுக்கு, 36 மோகன் பகானுக்கு. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து தேசிய லீக்கை வென்ற முதலாவது கழகம் அது. ஜமீலை அனுப்பிவிட்ட மும்பை கழகம் அதே பருவத்தில் கடைசி இடத்துக்கு வந்தது.

இந்தியப் பத்திரிகைகள் ஐசாலை லெஸ்டர் சிற்றியுடன் ஒப்பிட்டன. ஒரு வருடம் முன்னர், 2016 இல், இங்கிலாந்தின் செல்வந்தக் கழகங்களையெல்லாம் பின்தள்ளி பிரிமியர் லீக்கை வென்ற கழகம் லெஸ்டர். ஒப்பீடு தவறல்ல. ஆனால், அது எங்கே முறிகின்றது என்பதை எவரும் கவனிக்கவில்லை. பட்டம் வென்ற லெஸ்டருக்கு ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக்கில் இடம் கிடைத்தது. எவரும் அதைத் தடுக்கவில்லை. 2017 ஏப்ரிலில் அது கால் இறுதி வரை சென்றது. 2023 இல் அதே கழகம் மோசமாக ஆடித் தரமிறங்கியது. 2024 இல் மீண்டும் மேலே வந்தது. 2025 இல் மறுபடியும் இறங்கியது. ஏறியதும் இறங்கியதும் புள்ளிகளின்படி. லெஸ்டரின் உரிமையாளரான தாய்லாந்துக் குடும்பத்தின் செல்வம் அந்த இறக்கத்தைத் தடுக்கவில்லை. தடுக்க விதியில் இடமும் இல்லை.

ஐசாலுக்கு நடந்தது என்ன? இந்தியன் சூப்பர் லீக் 2014 இல் ஆரம்பிக்கப்பட்டது. சச்சின் டெண்டுல்கர், சௌரவ் கங்குலி, மகேந்திர சிங் தோனி போன்ற கிரிக்கெட் நட்சத்திரங்களும் திரைப்பட நட்சத்திரங்களும் பங்காளிகளாக இருந்த, உரிமம் பெற்ற அணிகளின் லீக் அது. அதற்கு முன்னரே, 2010 டிசம்பரில், அகில இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனம் தனது வர்த்தக உரிமைகளைப் பதினைந்து வருடங்களுக்கு ஐ.எம்.ஜி. - ரிலையன்ஸ் நிறுவனத்திடம் எழுநூறு கோடி ரூபாய்க்கு ஒப்படைத்திருந்தது. 2017 கோடையில் சூப்பர் லீக் இரு புதிய அணிகளைச் சேர்த்துக்கொண்டது. நுழைவுக்கு ஆண்டுக் கட்டணம் சுமார் பதினைந்து கோடி ரூபாய். ஐசாலின் ஏழு வருடச் செலவு! உள்ளே சென்றவர்களில் ஒருவர் பெங்களூரு, அந்தப் பருவத்து ஐ-லீக்கில் நான்காவதாக வந்த கழகம். மற்றவர் ஜம்ஷெட்பூர், டாட்டா ஸ்டீல் நிறுவனம் புதிதாக அமைத்த அணி. அதுவரை ஓர் ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. நான்காவதாக வந்தவரும் பிறக்காதவரும் உள்ளே, சம்பியன் வெளியே.

ஐசால் மனுக்கொடுத்தது, கெஞ்சியது, தங்களை இரண்டாம் தரத்துக்குத் தள்ளினால் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்போம் என்றுகூட அறிவித்தது. கடைசியில் இரு லீக்குகளும் சமகாலத்தில் நடக்கும் என்று ஒரு சமரசம் செய்யப்பட்டது. ஐ-லீக் சம்பியனுக்குரிய ஆசிய வாய்ப்பு பறிக்கப்படவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2018 ஜனவரியில் ஐசால் ஈரான் சென்று ஆசிய சம்பியன்ஸ் லீக்கின் பூர்வாங்கச் சுற்றில் சோப் அஹன் கழகத்துடன் ஆடி 3-1 என்று தோற்றது. மலைமுகட்டு நகரமொன்றின் கழகம் அவ்வளவு தூரம் சென்றதே பெரிது.

ஆனால், அதற்குள் அணி கலைந்துவிட்டது. ஜமீல் ஈஸ்ட் பெங்காலுக்குச் சென்றார். அல் அம்னாவும் லால்ரம்சுல்லோவாவும் பிராண்டன் வன்லால்ரெம்டிகாவும் அங்கேயே சென்றார்கள். மேத்தாவையும் ராணேயையும் கல்கத்தாவின் சூப்பர் லீக் அணி எடுத்துக்கொண்டது. லால்ருவத்தாரா கேரளாவுக்கு. கோல் காப்பாளர் அல்பினோ கோம்ஸ் டில்லிக்கு. இவர்களில் ஒருவரையும் நான் குறை சொல்லமாட்டேன். உதைபந்தாட்ட வீரரின் உழைப்புக்காலம் பத்துப் பன்னிரண்டு வருடங்கள். நல்ல சம்பளம் வரும்போது போகாமலிருக்க அவருக்கு வீட்டில் வேறு வருமானம் இருக்கவேண்டும். பணக்காரக் கழகங்கள் எளியவர்களின் வீரர்களை வாங்குவதும் உலகெங்கும் உள்ள வழமைதான். லெஸ்டரின் கான்ரேயையும் செல்சி வாங்கியது. ஆனால், வீரரை இழந்த லெஸ்டர் பிரிமியர் லீக்கில் இருந்தது. தொலைக்காட்சி வருமானம் இருந்தது. அடுத்த கான்ரேயைத் தேடுவதற்கு அதனிடம் பணம் இருந்தது. ஐசாலிடம் பட்டம் மட்டுமே இருந்தது.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நேர்மையாகக் கேட்கவேண்டும். சூப்பர் லீக் வருவதற்கு முன்னர் இந்திய உதைபந்தாட்டம் பொற்காலத்தில் இருக்கவில்லை. பல மைதானங்கள் கண்ணராவியாக இருந்தன. தொலைக்காட்சி அக்கறை காட்டவில்லை. கழகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சூப்பர் லீக் பணத்தைக் கொண்டுவந்தது, வீரர்களின் சம்பளத்தை உயர்த்தியது, விளையாட்டரங்குகளை நிரப்பியது. முதலிட்டவர் முதல் சில வருடங்களுக்குத் தமது முதலுக்குப் பாதுகாப்புக் கேட்பது வர்த்தகத்தில் நியாயம். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: அந்தப் பாதுகாப்பு யாரைக் காப்பாற்றியது? விதியை வளைத்துக் காக்கப்பட்ட டி.எஸ்.கே. சிவாஜியன்ஸ் 2017 இலேயே காணாமல் போயிற்று. நிறுவனத்தின் பணத்தில் பிறந்த கழகம் நிறுவனம் தடுமாறும்போது மறைந்துவிடுகின்றது. அன்று தரமிறக்கப்பட்ட ஐசாலோ அதன் பின்னரும் வருடம் தவறாமல் ஐ-லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது. எந்தக் கழகம் உறுதியானது, எது உறுதியற்றது என்று கணக்கிட்டவர்கள் தலைகீழாகக் கணக்கிட்டார்கள்.

ஐசால் தனிக்கதையும் அல்ல. அடுத்த வருடம் மினர்வா பஞ்சாப் வென்றது. அதற்கும் கதவு திறக்கவில்லை. 2019 மார்ச்சில் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில் சென்னை சிற்றி கழகம் மினர்வாவை 3-1 என்று தோற்கடித்து, ஈஸ்ட் பெங்காலை ஒரேயொரு புள்ளியால் முந்திச் சம்பியனாயிற்று. இரு வருடங்களுக்கு முன்னர் மோகன் பகானிடம் தோற்று ஐசாலுக்குப் பயன்படாமற்போன அதே சென்னை சிற்றி! சிங்கப்பூரரான அக்பர் நவாஸ் பயிற்றுநர். ஸ்பானியரான பெட்ரோ மான்சி 21 கோல்கள் போட்டார். தமிழ்நாட்டிலிருந்து ஐ-லீக்கை வென்ற முதற் கழகம் அது. தமிழ்ப் பத்திரிகைகளில் அதற்குக் கிடைத்த இடம் எவ்வளவு என்று தேடிப்பார்த்தால் வெட்கப்படவேண்டியிருக்கும். அவர்களுக்கும் மேலே செல்ல வழி இருக்கவில்லை. 2022 அளவில் அக்கழகம் லீக்கிலிருந்தே அகற்றப்பட்டுவிட்டது. அதில் அதன் சொந்த நிர்வாகத்தின் பங்கும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. 2021 இலும் 2022 இலும் கேரளாவின் கோகுலம் அடுத்தடுத்து வென்றது. அதே பதில்தான். இதற்கிடையில் 2020 இல் ஈஸ்ட் பெங்காலும், இன்னொரு அணியுடன் இணைந்து மோகன் பகானும் சூப்பர் லீக்குக்குள் சென்றன. ஈஸ்ட் பெங்கால் அந்த வருடம் ஐ-லீக்கை வென்றிருக்கவில்லை. அனுசரணையாளர் ஒருவரைத் தேடிப்பிடித்திருந்தது.

ஆசியச் சம்மேளனத்தின் மத்தியஸ்தத்துடன் 2019 இல் கோலாலம்பூரில் வகுக்கப்பட்ட திட்டத்தின்படி, 2023 இலிருந்துதான் ஐ-லீக் சம்பியனுக்குச் சூப்பர் லீக்கில் இடம், அதுவும் நுழைவுக் கட்டணமின்றி. முதலில் பஞ்சாப் சென்றது. 2024 இல் முகமதன் ஸ்போர்ட்டிங் சென்றது. கட்டணமின்றி இது சாத்தியம் என்றால் 2017 இல் ஏன் சாத்தியமாகவில்லை என்று கேட்க ஐசால்காரர்களுக்கு உரிமை உண்டு. கீழிருந்து மேலே செல்லும் வழி திறந்தபோதும் மேலிருந்து கீழே இறங்கும் வழி மூடியே இருந்தது. முகமதன் தனது முதற்பருவத்தில் கடைசியாக வந்தும் தரமிறங்கவில்லை. ஏணியில் பாதிதான் பொருத்தப்பட்டிருந்தது.

2025 ஜூலையில், பதினைந்து வருட ஒப்பந்தம் முடிவடையும் தறுவாயில், சூப்பர் லீக்கை நடத்திய நிறுவனம் அடுத்த பருவத்தை நிறுத்தி வைத்திருப்பதாகக் கழகங்களுக்கு அறிவித்தது. வழமையாகச் செப்டெம்பரில் ஆரம்பிக்கும் அந்த லீக்கில் அவ்வருடம் முடியும்வரை ஒரு பந்துகூட உதைக்கப்படவில்லை. கோடிகள் கொட்டிய கழகங்கள் பயிற்சிகளை இடைநிறுத்தின. நீதிமன்றப் படிகள் ஏறப்பட்டன. சம்பளம் எப்போது வரும் என்று வீரர்கள் பகிரங்கமாகக் கேட்டார்கள். 2017 இல் எந்த உறுதிப்பாட்டின் பெயரால் ஐசால் வெளியே நிறுத்தப்பட்டதோ அந்த உறுதிப்பாடு இதுதான்.

மிசோரத்தின் பிள்ளைகள் இன்று இந்திய உதைபந்தாட்டத்தில் மிகவும் வேண்டப்பட்டவர்கள். லல்லியன்சுவாலா சாங்தே மும்பை சிற்றியின் தலைவராக இருந்தவர். நாட்டின் சிறந்த வீரர் என்ற விருதைப் பெற்றவர். ஐசாலில் வளர்ந்த அபுயாவை 2024 இல் பெருந்தொகை கொடுத்து மோகன் பகான் வாங்கியது. கேரளாவுக்கும் சென்னைக்கும் கோவாவுக்கும் பதின்ம வயது மிசோ பையன்கள் வருடந்தோறும் புறப்பட்டுச் செல்கின்றார்கள். சூப்பர் லீக்கின் அணிகளில் மிசோ பெயர் ஒன்றேனும் இல்லாத அணியைத் தேடுவது சிரமம். மிசோ கழகம் எதுவும் இதுவரை அந்த லீக்கில் ஆடியதில்லை.